பிளாஸ்டிக்குக்குள் சான்றிதழ்

கட்டார்

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

போன கிழமை என் மின்தொழில் சான்றிதழுக்கு முத்திரை வாங்க இங்குள்ள எங்கள் தூதரகக் கந்தோருக்குப் போனேன். அங்கே வேலை செய்யும், அளவெட்டி ஊரைச் சேர்ந்த அண்ணை சிரித்தார். "லமினேற் பண்ணினதுக்கு மேலை குத்தேலாது, தம்பி. ஊரிலை புதுசு எடுக்கவேணும்."

நானும் சிரித்தேன். முத்திரை இல்லாதவன் இங்கே உதவியாளாக ஏணி தூக்கத்தான் வேண்டும். வெங்காயக் காணியை விற்றுப் படித்த இரண்டு வருடமும் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருக்கிறது.

"மழையிலை நனைஞ்சாலும் பழுதாகாது" என்று சாவகச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய் லமினேற் செய்வித்தவர் அப்பா. அவருக்கு இதைச் சொல்லாதீர்கள்.

மிளகாய்த்தூள் அனுப்புங்கள், நீங்களே இடித்தது. வேலைக்கு ஏற்றிப்போக வான் வந்துவிட்டது.

இங்கே மழையே பெய்வதில்லை, அம்மா.

மகன்
செந்தூரன்