இருபத்தாறாவது சுருட்டும் துவைக்காத கோட்டும்

அனுப்புநர்:
சலவைக் கடை உரிமையாளர்,
சுங்க அலுவலகப் பின்வாசலுக்கு எதிரில்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
சுங்கத் துறை.

பொருள்: விமான நிலைய மூன்றாம் மேசை அதிகாரி என்னிடமிருந்து ரசீது தராமல் எடுத்துக்கொண்ட இருபத்தாறு சுருட்டுகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் துறையினரின் சீருடைகளை ஒன்பது ஆண்டுகளாகத் துவைத்துத் தேய்த்துத் தருகிறேன். இதுவரை யார் மீதும் புகார் எழுதியதில்லை. இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். மறைக்க விரும்பவில்லை.

2. பதினொரு ஆண்டுகளுக்கு முன், என் மாமனாரின் கோட்டை, அதன் பையைப் பார்க்காமல் துவைத்துவிட்டேன். அவர் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளில் ஒரு கப்பல் தலைவர் அன்பாகக் கொடுத்த வெளிநாட்டுச் சுருட்டு உள்ளே இருந்தது. பேரப் பிள்ளை பிறந்ததும் பற்றவைக்க வைத்திருந்தாராம். அது கூழாகி வெளியே வந்தது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே, "உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் நகரச் சொல்லும்மா" என்று என் மனைவியிடம் சொல்வார். அன்றிலிருந்து நானும் பை பார்க்காமல் ஒரு துணியையும் தண்ணீரில் போட்டதில்லை.

3. சென்ற மாதம் தங்கையைப் பார்க்க வெளிநாடு போயிருந்தேன். தேடி அலைந்து அதே வகைச் சுருட்டில் இருபத்தைந்து கொண்ட ஒரு பெட்டி வாங்கினேன். கடைக்காரர் மகிழ்ந்து ஒன்றை இனாமாகத் தந்தார். அந்த ஒன்றைச் சுற்றியிருந்த தாள் வளையத்தில், துணிக்குக் குறி போடும் அழியாத மையால் "மாமா, மன்னிக்கணும்" என்று பொடி எழுத்தில் எழுதினேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

4. விமான நிலையத்தில் என்னை யாரும் நிறுத்தவில்லை. நானாகவே மூன்றாம் மேசைக்குப் போய், இருபத்தைந்துதான் அனுமதி, என்னிடம் இருபத்தாறு இருக்கிறது என்று சொன்னேன். கூடுதலானதற்கு மட்டும் வரி என்று அவர் தலைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவர் பெட்டியோடு எல்லாவற்றையும் இழுப்பறைக்குள் தள்ளினார். "விதின்னா விதிதான். எனக்கு மட்டும் ஆசையா என்ன?" என்றார். ரசீது கேட்டேன். அழிக்கப்போகிற பொருளுக்கு ரசீது எதற்கு என்றார். ஒன்பது ஆண்டுகளாக அவருடைய காலர் அழுக்கைத் தேய்ப்பவன் நான். என்னைத் தெரிந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

5. வெறுங்கையோடு மாமனார் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பதினொரு ஆண்டுகளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னோடு வந்திருந்த மகளிடம் திரும்பி, "கதை விடறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்றார். உண்மையைச் சொன்னதற்கு இரண்டு இடத்தில் தண்டனை வாங்கிய ஆள் நான்.

6. இம்மாதம் நான்காம் தேதி அந்த அதிகாரியின் சீருடைக் கோட்டு அவரது உதவியாளர் மூலம் கடைக்கு வந்தது. காலருக்குள் அவருக்காக நான் போட்ட குறி இருக்கிறது. ஆள் மாற வாய்ப்பில்லை. வழக்கம்போலப் பைக்குள் கை விட்டேன். கொஞ்சம் சாம்பல், ஒரு தாள் வளையம். "மாமா, மன்னிக்கணும்." ஓரம் கருகியிருந்தும் ஒரு எழுத்துகூட அழியவில்லை. என் மன்னிப்பை அவர் பற்றவைத்து ஊதியிருக்கிறார்.

7. சுருட்டுகளைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை. அவர் மீது விசாரணை வேண்டும். அதற்கு முன், அவர் என் மாமனார் வீட்டு வாசலில் நின்று, நான்தான் எடுத்தேன், நான்தான் புகைத்தேன், உங்கள் மருமகன் பொய் சொல்லவில்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் போதாது. மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும்.

8. வரும் வெள்ளிக்கிழமை அணிவகுப்பில் அந்த அதிகாரி சிறந்த பணிக்கான பதக்கத்தை அதே கோட்டில்தான் குத்திக்கொள்ள வேண்டுமாம். அதற்காக மூன்று முறை கடைக்கு வந்துவிட்டார். கோட்டு துவைக்கப்படவில்லை, சாம்பலோடு, பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. தாங்கள் ஆளனுப்பினால் கையொப்பம் பெற்று ஒப்படைப்பேன். அவரிடம் தர வழியில்லை, ஏனென்றால் உதவியாளர் ரசீதைத் தொலைத்துவிட்டார். ரசீது இல்லாமல் துணி தரப்படாது என்று என் தலைக்கு மேலும் எழுதி ஒட்டியிருக்கிறது. நேற்று அதைக் காட்டி, "விதின்னா விதிதான் சார். எனக்கு மட்டும் ஆசையா என்ன?" என்றேன்.

அது மட்டும் பொய், ஐயா. எனக்கு ஆசைதான்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,
சலவைக் கடைக்காரன்
(ஒப்பம்)

நாள்: மார்ச் 11
இடம்: கடையின் முன்மேசை

இணைப்பு: தாள் வளையத்தின் புகைப்படம், கடை ரசீது எண் 4471-இன் அடிக்கட்டை நகல். வளையம் என்னிடமே இருக்கும், அது மாமாவுடையது.