எண்ணெய் குடித்த ராகித் தாள்

வியாழன், இரவு

எங்கள் கம்பெனியின் டீசல் டேங்க் கசிந்து மூக்கண்டப்பள்ளி ஏரியில் கலந்து மூன்று நாளாகிறது. லேபில் ரசாயனத்தில் ஊறவைத்துக் காயவைத்த ராகித் தாளை, அதாவது கேழ்வரகு வைக்கோலை, நான்தான் தண்ணீரில் பரப்பினேன். அது தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் குடித்தது. இன்று மதியம் ஏரி தெளிந்துவிட்டது. மேனேஜர் கை கொடுத்துப் பாராட்டினார்.

எண்ணெய் குடித்த தாளைப் பத்திரமாகப் பூட்டி வைத்தேன். தண்ணீரில் போடாமல் மிச்சமான, ரசாயனம் ஊறிய கட்டுகளைக் கரையிலேயே விட்டேன். இந்தப் பக்கம் ராகித் தாள் என்றால் மாட்டுத் தீவனம். மாடு வளர்த்த வீட்டில் பிறந்த எனக்கு அது தோன்றவில்லை.

ஏரியில் தாள் அள்ளக் கூலிக்கு வந்த லட்சுமம்மா சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு ஓடி வந்தார். "நல்ல தாளு வீணாப் போவுதேன்னு ஒரு கட்டு எடுத்தும்போயி மாட்டுக்குப் போட்டேன் மேடம். நுரை தள்ளிக்கினு படுத்துக்கிச்சி."

போனை என்னிடம் நீட்டினார். மாட்டின் பக்கத்திலிருந்து கால்நடை டாக்டர் பேசினார். "தாளை எதுல ஊற வெச்சாங்க? தெரிஞ்சாத்தான் மருந்து போட முடியும்."

மேனேஜர் அருகில் நின்றார். அரசு அனுமதி வாங்காமல் செய்த வேலை, மூச்சு விடக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

"பரவால்ல மேடம், உங்களுக்கு எப்டித் தெரியும்" என்று லட்சுமம்மா போனை வாங்கிக்கொண்டு ஓடினார்.

ரசாயனத்தின் பெயர், அளவு, ஊறிய நேரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். லட்சுமம்மாவின் நம்பரும் இருக்கிறது. ஒரு மணி நேரமாக, போன் பண்ணாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.