கல்வேலியில் ஒரு பொட்டு

வேலணை,
12.08.2024

அண்ணைக்கு,

இதுவரை வாய் திறக்காமல் இருந்தது போதும்.

போன கிழமை எஞ்சின் நின்று நெடுந்தீவில் இறங்கிய பயிற்சி விமானத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. பத்திரிகையில் உங்கள் படம். நம் இருவர் காணிக்கும் நடுவே நான் கட்டிய கல்வேலியில், நீங்கள் கல்லைப் பிரித்துத் திறந்த வழியில், அந்தப் பொட்டுக்குள், சாரம் உடுத்தபடி நிற்கிறீர்கள். அந்தப் பொட்டு இல்லாவிட்டால் விமானம் வேலியில் மோதி இரண்டு உயிர் போயிருக்குமாம். ஆசிரியர் அறையில் ஒரு இளம் வாத்தியார் என்னிடம், "அந்த வேலியைக் கட்டின விசரன் ஆர் சேர்?" என்று கேட்டான். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

நீங்கள் அதை விமானத்துக்காகப் பிரிக்கவில்லை. மாட்டுக்காகப் பிரித்தீர்கள். துரவுக் கிணறு என் பங்கில் இருக்கிறது. உங்கள் மாடுகளைப் பொதுக்குளத்துக்குச் சுற்றிக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டியிருக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்காமல் செய்வது உங்களுக்குப் புதிதல்ல. நான் வந்து முகம் பார்க்கமுன், நம்மைப் பெற்ற அப்புவை அடக்கம் செய்தவர் நீங்கள். கடல் கொந்தளித்தது, படகு ஓடவில்லை, எல்லாம் தெரியும். எனக்காகப் பொறுத்திருக்கலாம்.

இணக்கசபையில் நான் போட்ட முறைப்பாடு அப்படியே இருக்கிறது. முப்பத்தோராம் தேதி விசாரணை. அதற்குமுன் பொட்டை அடைத்துவிடுங்கள்.

மச்சாளைச் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அ. வின்சன்ற்


நெடுந்தீவு,
17.08.2024

என்ரை தம்பி வின்சன்ற்,

நாங்கள் சுகம். மழைதான் இல்லை. உன்ரை கடிதத்தை உன்ரை மச்சாள் யூலியட் வாசிச்சுக் காட்டினவ. பிறகு நானும் கண்ணாடி போட்டு வாசிச்சனான். நீ போன் எடுக்கிறாயில்லை, அதாலை எழுதுறன். பிழையளைச் சிவப்பு மையாலை வெட்டாதை.

பேப்பர்காரன் சொன்னது உனக்குத் தெரியும், நடந்தது தெரியாது. மாடுகளைத் தண்ணிக்கு விட்டுக்கொண்டு நிண்டனான். கடல் பக்கத்தாலை பிளேன் சத்தமில்லாமல் வந்துது. சத்தம் இல்லாததுதான் பயம். மாடுகள் பொட்டுக்குள்ளை நெருக்கிக்கொண்டு நிக்குதுகள். தடியாலை அடிச்சுக் கலைச்சன். செவலை மட்டும் உன்னைப்போலை, அசையுதில்லை. கடைசியிலை வாலைக் கடிச்சன், தம்பி. பிறகுதான் பாய்ஞ்சுது. பிளேனின்ரை செட்டை வேலிக்கு மேலாலை போச்சு, சில்லு பொட்டுக்குள்ளாலை போச்சு. ஒரு சில்லு கரைக்கல்லிலை தட்டி முறிஞ்சு, உன்ரை பங்கிலை போய்ச் சரிஞ்சு நிண்டுது.

ஓட்டப் பழகிற பெட்டை இறங்கி வந்து, "ஐயா, குடிக்கத் தண்ணி இருக்கோ?" எண்டு கேட்டுது. உன்ரை துரவிலைதான் அள்ளிக் குடுத்தன். அதுக்கும் உன்னட்டைக் கேக்கேல்லை.

மாட்டுக்குத்தான் பிரிச்சனான் எண்டு பேப்பர்காரனுக்கும் சொன்னனான். அவன் அதை எழுதேல்லை.

அப்புவை வைச்சிருக்க ஏலாமல் போச்சு. ஐஸும் இல்லை, பெட்டியை மூடவேண்டி வந்திட்டுது. அதுக்கு மேலை நான் எழுத மாட்டன். நீ அவரை நல்ல முகத்தோடை நினைச்சுக்கொண்டிரு.

பொட்டை அடைச்சுத் தாறன். கால் ஆறினவுடனை கல் அடுக்குவன். முப்பத்தோராம் தேதிக்குமுன் ஏலாமல் போனால் கோவிக்காதை.

அன்பு அண்ணை,
மரியமுத்து


வேலணை,
22.08.2024

அண்ணைக்கு,

என்ன கால்? பத்திரிகையிலும் இல்லை, நீங்களும் எழுதவில்லை. நேற்றுக் குறிகட்டுவான் துறைக்குப் போய்ப் படகுக்கார இராயப்புவிடம் விசாரித்தேன். சில்லு தட்டிய கல் பறந்து உங்கள் முழங்காலில் பட்டதாம். கட்டிலில் இருந்து குசினிக்குத் தடி ஊன்றித்தான் நடக்கிறீர்களாம். "நீர் தம்பியெல்லே, உமக்குத் தெரியாதோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டான். படகு வெளிக்கிடும்வரை துறையில் நின்றேன். ஏறவில்லை.

அப்புவைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டதும் விளங்கியது. அதை அப்போதே சொல்லியிருந்தால், உங்களோடு முகம் கொடுத்துப் பேசாமல் நான் கழித்த காலம் மிஞ்சியிருக்கும். சொல்லாமல் சுமந்ததற்கும் எனக்கு உங்கள்மேல் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தையும் தூக்கிக்கொண்டு நடக்க இப்போது உடம்பில் தென்பில்லை.

கல் அடுக்க வேண்டாம். அந்தக் காலோடு நீங்கள் குனிந்து நிமிர்ந்தால் மச்சாள் என்னைத்தான் திட்டுவா. பொட்டு அப்படியே கிடக்கட்டும். மாடுகள் துரவில் குடிக்கட்டும். முப்பத்தோராம் தேதி நான் இணக்கசபைக்கு வரமாட்டேன். வற்புறுத்த ஆளில்லாவிட்டால் முறைப்பாடு அத்தோடு போய்விடும்.

இதை மன்னிப்பு என்று எடுக்கவேண்டாம். கோயில் பங்குச் சுவாமியிடம் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டாம். வின்சன்ற் இறங்கி வந்துவிட்டான் என்று ஊர் சொன்னால், நான் இல்லை என்று மறுப்பேன். மறுக்க வசதியாக இருக்கவேண்டும்.

கீழே 'தம்பி' என்று எழுதப் பேனையை வைத்தேன். கை ஓடவில்லை. வெறும் பெயரைப் போட்டால் மறுபடியும் வழக்காளியின் கடிதம் மாதிரி இருக்கிறது. அதனால் கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.