கடலைப் பார்த்த விளிம்பு

மே 18, வண்டூர்.

கூரை முடிந்ததென்று இன்று லட்டு கொடுத்தான் கொழுந்தன். மதுரையிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்த மேஸ்திரி ஐயா. எனக்கு அந்த லட்டு இறங்கவில்லை.

இங்கே தகரத்தைக் கிழக்குக் கோடியில் தொடங்கி, மேற்கே கடலை நோக்கிப் போட்டு வருவார்கள். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு மேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டும். இவன் கடல் பக்கமே தொடங்கினான். முதல் தகரம் ஏறும்போதே சொன்னேன்.

“தம்பி, இங்க இது நஹி சலேகா, சரிப்படாது. காத்து உள்ள பூந்து தூக்கிரும்.”

“மதுரையில எத்தன கூரை போட்டவன் நானு! நீங்க போய் டீயப் போடுங்க அண்ணி.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

சாயங்காலம் கடல் பக்கம் கறுத்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் மேற்கு அறையில், அந்த விளிம்புக்கு நேர் கீழே பாய் விரித்தேன்.

“ரொம்ப நாளாச்சு, பேசிக்கிட்டே தூங்குங்க” என்றேன்.

சமையலறைக்கு இன்னும் பழைய கூரைதான். நான் இங்கே படுத்துவிட்டேன். மழை வந்துவிட்டது, அந்தப் பக்கம் தகரம் படபடவென்று அடிக்கிறது. இவ்வளவு நேரம் இரண்டு குறட்டை கேட்டது. இப்போது ஒன்றுதான் கேட்கிறது, கூடவே பாயை இழுக்கும் சத்தம்.