வாசிகசாலையின் கடைசிப் புத்தகம்

அண்ணா,

இன்று விடியற்காலை போகிப் புகை ஜன்னல் வழியே வந்தது. பாயும் காகிதமும் கருகும் நாற்றம். திருவான்மியூரில் ஆண்டுதோறும் வருவதுதானே என்று எட்டிப் பார்த்தேன். கேட் ஓரம் எரிந்த குவியலுக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுச் சாமான்கள், சாக்குச் சாக்காக! வீட்டை வாங்கியவர்கள் காலி செய்து போட்டிருக்கிறார்கள். செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன்.

இதே இடத்தில்தான், நீங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்த முதல் போகியும். "விடியக் காலமை என்ன மேளம், தங்கச்சி?" என்று இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கி வந்தீர்கள். யாரோ பழைய பள்ளிப் புத்தகங்களைத் தீயில் போட்டார்கள். நீங்கள் வெறுங்கையை உள்ளே விட்டு ஒன்றை இழுத்தீர்கள். "இன்னா சார் நீ, பழ்சு தான அது!" என்று வாட்ச்மேன் கத்தினார்.

என் சமையலறையில் விரல்களுக்கு மருந்து போடும்போது சொன்னீர்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம் உங்கள் ஊர் வாசிகசாலைக்குச் சிப்பாய்கள் தீ வைத்தார்கள். ஒரு வாளித் தண்ணீரோடு யாரும் நெருங்கிவிடாதபடி துப்பாக்கியோடு சுற்றி நின்றார்கள். ஏடுகள், கையால் எழுதிய ஊர்ச் சரித்திரம், எல்லாம் போனது. தப்பியது, நீங்கள் இரவல் எடுத்துக் கெடு தாண்டியும் திருப்பாமல் வீட்டில் வைத்திருந்த ஆடு வளர்ப்புப் புத்தகம் மட்டும். உங்களிடம் ஆடே கிடையாது; ஆனாலும் அதைச் சுமந்துகொண்டுதான் இங்கே வந்திருந்தீர்கள்.

"அவ்வளவு புத்தகத்திலயும் இதுதான் தப்ப வேணுமே?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"புஸ்தகத்த ஏண்ணா எரிக்கணும்? அது யார சுடப்போவுது?"

"சனத்தைச் சுட்டா மிச்சச் சனம் அழும். இதை எரிச்சா, பிறகு பிறக்கிறதுகளுக்கு எதுக்கு அழுகிறதெண்டும் தெரியாது" என்றீர்கள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "வாசிகசாலையைத் திரும்பக் கட்டிப்போட்டினமாம். அது என்ர புத்தகம் இல்லை. எழும்பினதும் கொண்டுபோய்க் குடுக்க வேணும்." நீங்கள் எழுந்திருக்கவில்லை.

இன்று நான் கீழே வந்தபோது, இப்போதிருக்கும் வாட்ச்மேன் ஒரு சாக்கைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். "தள்ளும்மா, தீ மேல படப் போவுது!"

"இன்னொரு காகிதம் உள்ள போச்சு, அவ்ளோதான்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பாதிச் சாக்கு ஏற்கெனவே தீக்குள் போயிருந்தது. எரிகிறதை ஒரு கழியால் கிளறினேன். மருந்துச் சீட்டு, காலண்டர், உங்கள் சட்டை. எது புத்தகம், எது சாம்பல் என்றே தெரியவில்லை. அன்று உங்களைத் தடுக்கத் துப்பாக்கி இருந்தது. என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை, அப்படியும் விட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று இன்னும் வேகமாகக் கிளறினேன்.

"இன்னாதாம்மா தேடிக்கினு கீற? சொன்னா நானும் பாப்பேன்ல."

"ஆடு வளர்ப்பு புஸ்தகம்."

எனக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். ஆனாலும் உட்கார்ந்து தேடினார். கடைசிச் சாக்கில், ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். "இதா பாரு, ஆடு கீது." முதல் பக்கத்தில் உங்கள் வாசிகசாலையின் முத்திரை, ஊதா மையில், முழுசாக. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பொங்கல் கழிந்ததும் உங்கள் ஊருக்குப் புறப்படுகிறேன், அண்ணா. ஏன் இத்தனை காலத் தாமதம் என்று அங்கே சின்னப் பிள்ளைகள் யாராவது கேட்டால், எரித்த கதையை முழுதாகச் சொல்வேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் சிரிக்காமல் சொல்வேன்.