ஓடும் எஞ்சினில் உருவிய குச்சி

அரியலூர், ஞாயிறு இரவு

காரை விற்க வேண்டாம்! கியர்பாக்ஸ் போகவே இல்லை!

ஒரு வாரமாக என் ஆட்டோமேட்டிக் கார், லீவரை ‘டி’யில் தள்ளினால் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. தம்பி முருகேசன், தன் டிராக்டருக்குப் பார்ப்பதுபோல, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கியர் ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவிப் பார்ப்பான். “ஆயில் ஃபுல்லா இருக்குக்கா. கியர் பொட்டிதான் போச்சு. வித்துடு.” இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாத நான் வேறு எதை ஓட்டுவது?

இன்று குச்சியை நானே துடைத்தேன். ‘ஹாட்’ என்று பொறித்திருந்தது. அப்புறம் எதற்கு ஆறிய வண்டியில் பார்க்கிறோம்?

கல்லங்குறிச்சி வரை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்தேன். வண்டிக் கையேட்டில் போட்டிருந்தபடி எஞ்சினை அணைக்கவில்லை. பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் நகர்த்தி ‘பி’யில் நிறுத்தினேன்.

“இப்ப உருவுடா.”

“எஞ்சின் ஓடுறப்ப யாராச்சும் உருவுவாங்களா?” என்று முறைத்தான். உருவினான். நுனியில் மட்டும்தான் ஈரம். எஞ்சின் நின்றதும் ஆயிலெல்லாம் கீழே தொட்டிக்கு இறங்கி, குச்சியில் ஃபுல்லாகக் காட்டி, இத்தனை நாளும் எங்களை ஏமாற்றியிருக்கிறது.

குச்சி இருந்த குழாயிலேயே புனல் வைத்து, குச்சியின் ‘ஹாட்’ கோடு வரும்வரை கியர் ஆயிலைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினோம். லீவரைத் தள்ளினேன். சட்டென்று நகர்ந்தது. கத்தியே விட்டேன்!

ஆனால் குறைந்த ஆயில் எங்கே போனது? ஒழுகுகிறதா? வண்டிக்கடியில் அட்டை போட்டிருக்கிறேன்.

வாசலில் கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம். எட்டிப் பார்த்தேன். முருகேசன், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஓடும் எஞ்சினில் குச்சியை உருவுகிறான்.

வண்டி இன்னும் சூடாகவில்லையே. போய்த் திட்ட வேண்டும்.