வடிகட்டிக்குப் பின்னால் மூன்று வரிகள்

அனுப்புநர்:
அ. சூசைநாதன், எம்.காம்., எம்.ஃபில்.,
வணிகவியல் விரிவுரையாளர் (விருப்ப ஓய்வு; விருப்பம் கல்லூரி நிர்வாகத்தினுடையது),
மூன்றாவது குறுக்குத் தெரு, மைசூரு.

பெறுநர்:
உயர்திரு மாவட்டச் சுகாதார, குடும்ப நல அலுவலர் அவர்கள்,
மைசூரு.

பொருள்: கருத்தடை முறைகள் பற்றி நம்பத்தகுந்த தகவல் எங்கே கிடைக்கும் என்று தெரிவிக்கவும், எங்கும் கிடைக்காத பட்சத்தில் விவரம் அறிந்த ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பவும் கோருதல்.

பார்வை: பல்வேறு அலுவலகங்களுக்கு நான் அனுப்பிய முந்தைய மனுக்கள் (தெருவிளக்கு, சாக்கடை, பணிமூப்பு). எதற்கும் பதில் வராததால் கோப்பு எண் தர இயலவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் கொள்ளேகாலம் பக்கத்தவர், வீட்டில் தமிழ் பேசுபவர் என்று கேள்விப்பட்டு இதைத் தமிழில் எழுதுகிறேன். முறைப்படி கன்னடப் பிரதியும் இணைத்துள்ளேன். அதில் மரியாதை சற்றுக் கூடுதலாக இருக்கும். மொழிபெயர்த்தது என் மனைவி ஜூடித். எங்கள் மகளோ தமிழைவிடக் கன்னடத்தை நன்றாகப் படிப்பவள். ஆகவே, மொழி புரியாததால் நேர்ந்த தவறு என்று எழுதிக் கோப்பை மூடும் வசதி இந்த விஷயத்தில் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் மகள் நிம்மிக்கு வயது இருபத்தேழு. சென்ற செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தின்போது மூச்சுத் திணறியதில், இதய வால்வு ஒன்று சுருங்கியிருப்பது தெரியவந்தது. அதைச் சரிசெய்வதற்கு முன் மறுபடி கர்ப்பம் தரித்தால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். மிகத் தெளிவாகவே சொன்னார். அப்படியானால் தரிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவள் கேட்டதும் அந்தத் தெளிவு எங்கோ போய்விட்டது. "நோட்கொள்ளி அம்மா" என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். எதைப் பார்ப்பது என்று அவள் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

3. பார்க்கத் தொடங்கினோம். எங்கள் சபையில் திருமணத்துக்கு முன் இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினால்தான் கோயிலில் திருமண அறிவிப்பான ஓலையை வாசிப்பார்கள். அதை நடத்துபவர் திரு. லாய்ட். என் கல்லூரியில் எனக்கு இளையவராக இருந்து, எனக்கு வர வேண்டிய துறைத்தலைவர் பதவியைப் பெற்றுக்கொண்ட அதே லாய்ட். அது இம்மனுவுக்குத் தொடர்பில்லாதது, பதிவுக்காகச் சொல்கிறேன். மாமியாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு ஒரு முழு மதியம் ஒதுக்கியவர், நிம்மி உட்கார்ந்த வகுப்பில் இந்தத் தலைப்பு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, "இதெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க" என்று சாப்பாட்டுக்கு விட்டுவிட்டாராம். டாக்டர் என்ன சொன்னார் என்பதை மேலே கண்டீர்கள்.

4. பிறகு, குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது, எங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிம்மி கேட்டாள். அங்கே ஆலோசனை அறை ஒன்று உண்டு. கதவில் அழகான பெயர்ப்பலகையும் உண்டு. உள்ளே கொசுப்புகை அடிக்கும் இயந்திரம் ஓய்வெடுக்கிறது. ஆலோசகர் மனிஷா அவர்கள் வேறு ஏதோ கணக்கெடுப்புக்கு அனுப்பப்பட்டிருந்தார். ஆகவே மருந்துக் கவுன்டரில் நின்றுதான் கேட்க வேண்டியிருந்தது. பின்னால் இரத்த அழுத்த மாத்திரைக்கு வரிசையில் நின்றவர்களில் இருவர் எங்கள் தெருக்காரர்கள். நர்ஸம்மா அவர்களுக்கும் கேட்கும்படி, "ஒண்ணுதானா? இன்னொண்ணும் பெத்துட்டு வா கண்ணு, ஒரேயடியா ஆப்பரேஷன் பண்ணிடலாம்" என்றார். (உரையாடல்கள் கன்னடத்தில் நடந்தவை, தமிழில் தருகிறேன்.) இதயக் கோளாறு என்று இவள் குரலைத் தாழ்த்திச் சொன்னதற்கு, "ஹார்ட்டா? ஹார்ட் இங்க பாக்கறதில்லையே" என்று பதில். கடைசியில் சுவரைக் காட்டினார். "எல்லாம் போர்டுல போட்டிருக்கோம், படிச்சுக்கோ."

5. என் மகள் சொன்னதைச் செய்பவள். இந்தக் குணம் அவளுக்கு என்னிடமிருந்து வந்ததல்ல. படித்தாள். ஃபோட்டோவும் எடுத்துக்கொண்டாள். அந்தச் சுவரொட்டியில் பெரிய எழுத்தில், குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது இயற்கையான கருத்தடை முறை என்று எழுதியிருக்கிறது. கீழே சிரிக்கும் தாய், சிரிக்கும் குழந்தை. அதற்கும் கீழே, ஒரு சேவைச் சங்கம் அன்பளிப்பாகக் கொடுத்த குடிநீர் வடிகட்டி. அரசாங்கமே எழுதிப் போட்டிருக்கிறதே என்று நிம்மி நம்பினாள். பெங்களூருவில் வேலை பார்த்து, சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் மருமகன் கிரிஸும் நம்பினார். ஏழாம் மாதத்தில் குழந்தைக்கு ராகிக் கஞ்சி கொடுக்கத் தொடங்கினோம். பாலும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

6. இம்மாதத் தொடக்கத்தில் நிம்மியை ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். மூன்றாம் மாதம், நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. கரு தங்கவில்லை. அவள் தங்கினாள். இந்தப் பத்தியில் எழுத இதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை.

7. அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிய மறுநாள், மேற்படி சுவரொட்டியை நேரில் ஆய்வு செய்தேன். வடிகட்டிக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்து, செல்ஃபோன் வெளிச்சத்தில் படித்தேன். பின்னால் மூன்று வரிகள் இருக்கின்றன. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாதிருக்க வேண்டும். இரவும் பகலும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறைக்கு மாற வேண்டும். மிகச் சரியான தகவல். அச்சும் நேர்த்தி. நான் அந்த நிலையில் இருந்ததைக் கண்ட ஊழியர், "தண்ணி வேணும்னா முன்னாடி வாங்க சார், டம்ளர் கட்டி வெச்சிருக்கு" என்று உபசரித்தார். அன்பளித்தவர்களின் பெயர்கள் பொறித்த பித்தளைத் தகட்டை மட்டும் எதுவும் மறைக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

8. இனி மனைவிக்கு ஆபத்து வேண்டாம், நானே அறுவை செய்துகொள்கிறேன் என்று கிரிஸ் அதே நிலையத்துக்குப் போனார். முப்பது வயது ஆண் தானாக வந்து இதைக் கேட்டது அங்கே ஒரு சம்பவம் ஆகிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "நவம்பர்ல ஆம்பளைங்களுக்குன்னே ரெண்டு வாரம் கேம்ப் நடக்கும், அப்ப வாங்க. வரும்போது வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த ஊரில் தசராவைப் போல இதற்கும் ஒரு சீசன் உண்டு என்பதை அறிந்தேன். பெரியவன் என்ற முறையில் நானே போய் நின்றேன். "நீங்க எதுக்கு சார்? இது அவங்க ரெண்டு பேர் விஷயம்" என்றார்கள். முற்றிலும் நியாயம்.

9. எங்கேயும் கிடைக்காதது இன்டர்நெட்டில் கிடைக்கும் என்பார்கள். கிடைத்தது. நிம்மி படுக்கையில் இருந்தபடி ஒரு வீடியோ பார்த்தாள். காப்பர்-டி போட்டால் அது மெல்ல மேலே ஏறி இதயத்தில் போய்க் குத்தும் என்று காவித் துண்டு போர்த்திய ஒருவர் அதில் விளக்குகிறார். லட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். வால்வு சுருங்கிய ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான தகவலை யார் தேடிக் கொடுத்திருக்க முடியும்? அன்றிரவு முழுக்க மார்பில் கை வைத்தபடியே படுத்திருந்தாள் என்று ஜூடித் சொன்னாள். அது பொய் என்று நான் அடித்துச் சொன்னேன். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று நிம்மி கேட்டாள். உலகத்தில் எல்லா விஷயத்திலும் எனக்குக் கருத்து உண்டு என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். இதில் எனக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியவில்லை.

10. மருத்துவமனையிலேயே கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கக்கூடும். கேட்டோம். இது மகப்பேறு மருத்துவர் சொல்ல வேண்டியது என்கிறார் இதய மருத்துவர். இதய மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் மகப்பேறு மருத்துவர். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நல்ல காபிக் கடை ஒன்று இருக்கிறது. என் மருமகன் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறார்.

11. வரும் வியாழக்கிழமை நிம்மியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வால்வு சிகிச்சைக்கு இன்னும் பல மாதங்கள் ஆகுமாம். அதுவரை சனிக்கிழமைகளிலாவது அவளும் அவள் கணவரும் ஒரே வீட்டில்தான் இருப்பார்கள். அவர்கள் கணவன் மனைவி. மறுபடி "பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு சொல்லோடு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக எனக்குத் துணிவில்லை.

ஆகவே, அந்த வடிகட்டியை ஒன்றரை அடி இடப்பக்கம் நகர்த்தவும், ஆலோசனை அறையைக் கொசு இயந்திரத்திடமிருந்து மீட்கவும் உத்தரவிடக் கோருகிறேன். இவற்றை வழக்கமான வேகத்தில் செய்தால் போதும். ஆனால் வியாழக்கிழமைக்கு முன், விவரம் தெரிந்த ஒருவரை வார்டுக்கு அனுப்புங்கள். அவள் இதயத்துக்கு எந்த முறை ஒத்துக்கொள்ளும், எது கூடாது, காப்பர்-டி பற்றிய அந்தப் பேச்சு உண்மையா, கிரிஸுக்கு நவம்பர்வரை காத்திருக்காமல் எங்கே செய்வார்கள், அதுவரை இருவரும் என்ன செய்வது. இவ்வளவுதான் கேள்விகள். விடைகள் தங்கள் துறையில் யாரிடமோ இருக்கின்றன என்று இன்னும் நம்புகிறேன். பெண் அலுவலராக இருந்தால் நன்று.

நாள்: 18-08-2025
இடம்: மைசூரு

இப்படிக்கு,
தங்கள் பதிலை இம்முறை உண்மையாகவே எதிர்பார்க்கும்,
அ. சூசைநாதன்

இணைப்பு: கன்னடப் பிரதி, மருத்துவமனை, வார்டு, படுக்கை எண் உள்ள அனுமதிச் சீட்டின் நகல், நிம்மி எடுத்த சுவரொட்டிப் படம், வடிகட்டிக்குப் பின்னால் நான் எடுத்த படம் (சற்றுக் கலங்கலாக இருக்கும்).

பி.கு.: வருபவர் எந்த நேரத்தில் வந்தாலும் சரி, பார்வையாளர் நேரம் பற்றி வார்டு சிஸ்டரிடம் பேசிவைத்திருக்கிறேன். கிரிஸ் உடன் இருப்பார். நான் இருந்தால் நிம்மி கூச்சப்பட்டுப் பாதிக் கேள்வியை விழுங்கிவிடுவாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் கீழே போய்விடுகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும்.